வாய் பேச வராதவரிடம் ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்று எப்படிச் சொல்வது?

அங் மோ கியோ வாசகி கேட்டது:

எங்கள் வீட்டுக்காரருக்குப் போன தீபாவளிக்கு முந்தின வாரம் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சமூக மருத்துவமனையில் தங்கிப் பயிற்சி எடுத்ததில் கால் ஓரளவு திரும்பியது, தடி ஊன்றிக் கூடம்வரை நடக்கிறார். கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. எதைக் கேட்டாலும் “இல்ல” என்ற ஒரு சொல்தான் வருகிறது. பசிக்கிறதா என்றால் “இல்ல” என்பார், தட்டை வைத்தால் சாப்பிடுவார். ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே “இல்ல” என்பார். தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவருக்கே தெரியும், அதுதான் கொடுமை. இடது கையால் தொடையில் அடித்துக்கொள்வார்.

இவர் யார் என்று சொன்னால்தான் என் கேள்வி புரியும். இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சபையில் மூப்பர். போதகர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வார். ஆனால் ஆட்கள் அவரைத் தேடியது பிரசங்கத்துக்காக இல்லை, ஜெபத்துக்காக. யாருக்காவது ஆபரேஷன், யார் வீட்டிலாவது சண்டை, பிள்ளைக்கு ஓ லெவல் பரீட்சை என்றால் இவருக்குத்தான் போன் வரும். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, பைபிளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஈஷூன், தெம்பனிஸ், பூன் லே, எங்கே என்றாலும் போவார். இவர் ஜெபித்தால் மனசு லேசாகிறது என்று எத்தனையோ பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு மற்றதெல்லாம் போனாலும் போகட்டும், வாயா போகவேண்டும்?

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டிப்போனேன். சக்கர நாற்காலியைக் கடைசி வரிசை ஓரத்தில் நிறுத்தினேன். ஜெபம் முடிந்ததும் எல்லாரும் “ஆமென்” என்றார்கள். இவரும் முழுக் குரலில் சொன்னார். வந்தது “இல்ல”. முன்னால் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் சபைக்கு வர மறுக்கிறார். வெளியே போகிற சட்டையை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பார்க்க வருகிறவர்கள் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஒருவர் “இதிலும் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும்” என்றார். இன்னொருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாருக்காவது விசுவாசக் குறைவு இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள் என்றார். மூன்றாமவர் அழகான கையெழுத்தில் ஒரு அட்டை எழுதி வந்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனார். “என் கிருபை உனக்குப் போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்.” 2 கொரிந்தியர் 12:9. சண்டே ஸ்கூல் காலத்திலிருந்து மனப்பாடமான வசனம். இப்போது பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. படிக்கப் படிக்கப் புரியாமல் போகிறது.

அந்த வசனத்தை எழுதின பவுலுக்கு அதைச் சொல்ல வாய் இருந்தது, எழுதக் கை இருந்தது. இவருக்கு இரண்டும் இல்லை. இவருடைய பலவீனத்தில் எந்தப் பலம் விளங்குகிறது? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

என்னைப் பற்றியும் ஒன்று கேட்கவேண்டும். விடிவதற்கு முன்னால் எழுந்து அவரைத் துடைத்து, துணி மாற்றி, மாத்திரை கொடுத்து, அப்புறம் சமையல். முதுகு போய்விட்டது. இதைச் செய்யும்போது பெரிய தியாகம் செய்கிற உணர்வோ தெய்வ சமாதானமோ எதுவும் எனக்கு வருவதில்லை. களைப்புதான் வருகிறது. ராத்திரி ஜெபிக்கலாம் என்று உட்கார்ந்தால் “ஆண்டவரே” என்பதற்கு மேல் ஓடவில்லை. உடைந்த இடத்தில் கிருபை இருக்கிறது என்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் உடைந்துதான் கிடக்கிறோம். எங்கே இருக்கிறது அது?

ஆறுதல் வார்த்தை வேண்டாம். இந்த மாதிரி இடத்தில் நின்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எந்த மதமாக இருந்தாலும் சரி.

ராத்திரி ஷிஃப்ட் எழுதியது:

அக்கா, நான் பக்கவாத வார்டில் தாதி. சாமி விஷயத்தில் பெரியவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தாலே பாதிப் பாரம் குறையும்.

இதற்கு அஃபேசியா என்று பெயர். இடப்பக்க மூளையில் பேச்சை அமைக்கிற பகுதி அடிபட்டால் வருவது. அறிவு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பலருக்கு நாம் சொல்வது நன்றாகப் புரியும், பதில்தான் வெளியே வராது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதும் தெரிந்த விஷயம்தான். 1861-ல் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் பார்த்த நோயாளிக்கு “டான்” என்ற ஒரே சத்தம்தான் வந்தது. அவரை வைத்துத்தான் பேச்சுக்கு மூளையில் எந்த இடம் என்று உலகத்துக்குத் தெரியவந்தது. அதனால் அண்ணன் “இல்ல” என்று சொன்னது மறுப்பு இல்லை. அவர் உள்ளே ஆமென்தான் சொன்னார், வாய் வேறு சொல்லைக் கொடுத்துவிட்டது. சபையில் ஒருவர் எழுந்து இதை இரண்டு நிமிஷம் விளக்கினால் அந்தப் பிள்ளைகள் அடுத்த தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. புதிதாக ஒரு வாக்கியம் அமைக்க முடியாதவர்களுக்கும் மனப்பாடமாகப் பதிந்தது சில நேரம் வரும். ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, கிழமைகள், சின்ன வயசில் படித்த ஜெபம், பாட்டு. பாட்டுக்கு மூளையின் வலப்பக்கமும் கைகொடுக்கிறது. எங்கள் வார்டில் ஒரு சீனப் பாட்டி தன் பெயரைச் சொல்லமாட்டார், பழைய பாட்டை முழுசாகப் பாடுவார். எல்லாருக்கும் வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அண்ணனுக்குத் தெரிந்த கீர்த்தனை எதையாவது நீங்கள் மெதுவாக ஆரம்பித்து, பாதியில் நிறுத்திப் பாருங்கள். அவரைச் சோதிக்கிற மாதிரி இருக்கக்கூடாது. சேர்ந்து பாடுகிற மாதிரி இருக்கட்டும். அஃபேசியா எஸ்ஜி என்ற அமைப்பு இதே பிரச்சினை உள்ளவர்களுக்காகப் பாடகர் குழுவே நடத்துகிறது. விசாரித்துப் பாருங்கள்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. முகத்தைத் திருப்பிக்கொள்வது, தொடையில் அடித்துக்கொள்வதையெல்லாம் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு.

அப்புறம் நீங்கள். ஏஐசி என்கிற ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் எண் 1800-650-6060. பகல்நேரப் பராமரிப்பு, உங்களுக்கு ஓய்வு கிடைக்க மாற்று ஏற்பாடு எல்லாவற்றுக்கும் வழி சொல்வார்கள். ராத்திரி மனசு தாங்கவில்லை என்றால் எஸ்ஓஎஸ் என்கிற மனநல உதவி எண் 1767, எந்நேரமும் எடுப்பார்கள். ஒரு நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க எங்களுக்கே இரண்டு பேர் வேண்டும். நீங்கள் ஒருவராகச் செய்கிறீர்கள். களைப்பு வருவதற்கும் விசுவாசத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அக்கா.

ஜூரோங் விசுவாசி எழுதியது:

சகோதரி, தளர்ந்துபோகாதீர்கள். அலங்கார வாசலில் உட்கார்ந்திருந்த சப்பாணியை எழுப்பினவர் இன்றும் ஜீவிக்கிறார். பலவீனத்தோடு சமரசம் செய்துகொள்ள வேதம் நம்மைக் கூப்பிடவில்லை. சகோதரர் மறுபடியும் பிரசங்க மேடையில் நிற்பார் என்று விசுவாசியுங்கள். நாங்கள் குடும்பமாக உபவாசித்து ஜெபிக்கிறோம்.

தஞ்சோங் பகார் பழைய ஆள் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். பதில் எழுத நேரம் ஆகும், எனக்கு விரல் ஒத்துழைக்காது. பார்க்கின்சன் நோய். பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன்.

ஜூரோங் சகோதரர் ஜெபிக்கிறேன் என்றதற்கு நன்றி. நானும் அவர் குணமாகவேண்டும் என்றே கேட்பேன். ஆனால் நீங்கள் கேட்டது வேறு. குணமாகாமல் இருக்கிற இந்த நாளில் கிருபை எங்கே என்று கேட்டீர்கள்.

முதலில் அந்த அட்டையில் இருக்கிற வசனம். அதை எழுதின பவுலைப் பேச்சில் வல்லவர் என்று நினைத்துக்கொள்கிறோம். கொரிந்து சபைக்காரர்களில் சிலர் அப்படி நினைக்கவில்லை. “அவனுடைய நிருபங்கள் பாரயோசனையும் பலமுமுள்ளவைகள், சரீரத்தின் தோற்றமோ பலவீனமும், வசனம் அற்பமுமாயிருக்கிறது” என்று பேசிக்கொண்டார்கள். அதே நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. பேசத் தெரியாதவன், ஆள் பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்லப்பட்ட மனுஷன் எழுதினதுதான் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. அவருக்கு மாம்சத்தில் ஒரு முள். என்ன முள் என்று அவர் சொல்லவே இல்லை. மூன்று தரம் எடுத்துவிடும்படி வேண்டிக்கொண்டார், எடுக்கப்படவில்லை. அந்தப் பதிலோடுதான் இந்த வசனம் வந்தது. அந்த முள்ளை அவர் ஒரு இடத்திலும் நல்லது என்று சொல்லவில்லை. சாத்தானுடைய தூதன் என்றுதான் சொன்னார். அதனால் உங்கள் வீட்டுக்காரருக்கு வந்ததை நீங்கள் நல்லது என்று சொல்லத் தேவையில்லை. அதற்குள் ஒரு நோக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

மோசேயும் அப்படித்தான். திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன் என்று சொல்லி அழைப்பையே தட்டிக்கழிக்கப் பார்த்தார். கர்த்தர் அந்த நாவைச் சரிசெய்து அனுப்பினார் என்று யாத்திராகமத்தில் எங்கேயும் இல்லை. பக்கத்தில் ஆரோனை அனுப்பினார்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது மாற்கு இரண்டாம் அதிகாரம். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய முடியாமல் வீட்டுக் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். மறுபடியும் எடுத்து, அந்த நோயாளி என்ன பேசினான் என்று மட்டும் பாருங்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைக் குணமாக்கும் என்று கேட்கவில்லை, விசுவாசிக்கிறேன் என்று சொல்லவில்லை, முடிந்த பிறகு நன்றி சொன்னதாகவும் இல்லை. “இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” என்று எழுதியிருக்கிறது. அவர்கள் என்றால் முதலில் கண்ணுக்குத் தெரிவது தூக்கி வந்தவர்கள். அதைக் கண்டுதான் படுக்கையில் கிடந்தவனைப் பார்த்து “மகனே” என்றார். வாய் திறக்காத ஒருவனுக்குக் கிடைத்தது அது. உங்கள் வீட்டுக்காரர் ஆமென் சொல்லமுடியாததால் எதையும் இழந்துவிடவில்லை, அம்மா. விசுவாசக் குறைவு யாருக்கு என்று ஆராயச் சொன்னவருக்கு இந்தப் பகுதியைக் காட்டுங்கள்.

உங்கள் களைப்பைப் பற்றியும் அதிலேயே பதில் இருக்கிறது. அந்தப் படுக்கையைத் தூக்க நாலு பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு முனை. நீங்கள் ஒருவராக நாலு முனையையும் பிடித்திருக்கிறீர்கள், முதுகு போகாமல் என்ன செய்யும்? கிருபை உங்கள் நெஞ்சுக்குள்ளே ஒரு சமாதானமாக வந்து இறங்கும் என்று காத்திருக்கிறீர்கள். வரலாம். ஆனால் அது இன்னும் மூன்று ஆட்களாக வாசலில் வந்து நிற்கவும் செய்யும். அப்படி வரும்போது கதவைத் திறக்கவேண்டும். நம் ஆட்களுக்கு அதுதான் கஷ்டம்.

எனக்கும் கஷ்டமாக இருந்தது, அதைச் சொல்கிறேன். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன். தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் வந்தது 1972-ல். நான் சில வருஷம் கழித்துச் சேர்ந்தேன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து, கீழே லாரி மேல் பெட்டியை முட்டாமல் இறக்குவது முழுக்க விரல் வேலை. காற்றடித்தாலும் என் கை ஆடாது என்று பெயர். ரிட்டையர் ஆன பிறகு அந்தக் கைதான் முதலில் ஆட ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போட மனைவி வேண்டும். கோப்பிக் கடையில் நான் கோப்பி வாங்குவதில்லை, மேஜைக்கு வருவதற்குள் பாதி தட்டில் கிடக்கும்.

எங்கள் சபையில் நற்கருணைக்குச் சின்னக் கண்ணாடிக் கிண்ணம். உங்களுக்குத் தெரியும், கட்டை விரல் அளவுதான் இருக்கும். ஒரு தடவை எடுத்தேன், வாய்க்கு வருமுன் சட்டையெல்லாம் சிவப்பு. அதற்கப்புறம் நற்கருணை நேரத்தில் நான் எழுந்து போவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் குனிந்துகொள்வேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காதது எனக்கும் வசதியாக இருந்தது.

எங்கள் சபைக்கு வேலை அனுமதியில் வந்த பையன்கள் சிலர் தங்கும்விடுதியிலிருந்து வருவார்கள். அதில் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், கட்டுமான வேலை. என்னோடு அதுவரை அதிகம் பேசினதுகூட இல்லை. ஒரு ஞாயிறு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நற்கருணைக்கு வரிசை எழுந்தபோது “வாங்க தாத்தா” என்று என் முழங்கையைப் பிடித்து எழுப்பினான். வேண்டாம்ப்பா என்றேன். காதில் வாங்கவில்லை. முன்னால் போய் முழங்கால் போட்டோம். கிண்ணம் வந்ததும் என் மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தான். சிமெண்ட் பிடித்துப் பிடித்துச் சொரசொரவென்று இருந்த கை. இறுக்கிப் பிடித்ததில் என் நடுக்கம் அவன் தோள்வரை போனது, எனக்கே தெரிந்தது. இரண்டு பேர் கையும் சேர்ந்து ஆடிக்கொண்டேதான் கிண்ணம் வாய்க்கு வந்தது. ஒரு துளி சிந்தவில்லை.

வாலிப வயசிலிருந்து நற்கருணை எடுத்துவருகிறேன். அத்தனையும் என் கையால் நானே எடுத்துக் குடித்தது. அன்றைக்குத்தான் அது எனக்குக் கொடுக்கப்பட்டது. கை நன்றாக இருந்திருந்தால் இது எனக்கு உள்ளே போயிருக்காது. கை ஆடுவது நல்லது என்று சொல்லவில்லை. இன்று மருந்து கண்டுபிடித்தால் நாளைக்குக் காலையில் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். ஆனால் ஆண்டவர் என் கை நிற்கிறவரைக்கும் காத்திருக்கவில்லை. ஆடுகிற கைக்கே வந்தார், வேறொருவன் கையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

ரோமர் எட்டாம் அதிகாரத்தில், நாம் எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாதபோது ஆவியானவர்தாமே “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” நமக்காக வேண்டுகிறார் என்று இருக்கிறது. ராத்திரி நீங்கள் “ஆண்டவரே” என்பதோடு நின்றுவிடுகிறீர்களே, அதற்கு மேல் உள்ளது அவர் வேலை.

உங்களுக்குச் சம்மதம் என்றால் ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் வருகிறோம். தூக்க என்னால் முடியாது. பக்கத்தில் உட்கார முடியும். எனக்கும் இப்போது பேச்சு மெதுவாகத்தான் வருகிறது, இரண்டு பேருக்கும் சரியாக இருக்கும்.

சிராங்கூன் ரோட்டுக்காரன் எழுதியது:

எந்த மதமானாலும் சரி என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். நாங்கள் பெருமாள் கோவில் குடும்பம். அம்மா தினமும் திருப்பாவை சொல்லாமல் காப்பி குடிக்கமாட்டார். கடைசியில் மறதி நோய் வந்து எல்லாம் போனது. என் பெயர் போனது, பெருமாள் பெயரும் போனது. புரட்டாசிச் சனிக்கிழமை கோவிலுக்குக் கூட்டிப்போனால் “இது யார் வீடு?” என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் எங்கே போனது என்று கோவிலில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் பெரியாழ்வார் பாசுரத்தைச் சொன்னார்.

“எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன்
அப்போதைக்கு இப்போதே சொல்லிவைத்தேன் அரங்கத்து அரவணைப் பள்ளியானே.”

தளர்ச்சி வந்து வாட்டும்போது உன்னை நினைக்க என்னால் முடியாது, அந்த நேரத்துக்கும் சேர்த்து இப்போதே சொல்லிவைத்துவிட்டேன் என்கிறார் ஆழ்வார். தன்னால் முடியாமல் போகும் என்று தெரிந்தே, திடமாக இருக்கும்போது பெருமாளிடம் சொல்லி வைக்கிறார். எங்கள் சம்பிரதாயத்தில் வராகப் பெருமாள் வாக்கு ஒன்றும் உண்டு. திடமாக இருக்கும்போது என்னை நினைத்தவன் கட்டையாகவும் கல்லாகவும் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன் என்பது அதன் சாரம். அம்மா மறந்தார், பெருமாள் மறக்கவில்லை என்று நினைத்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

உங்கள் வீட்டுக்காரர் பஸ் ஏறி ஏறிப் போய் எத்தனை வீட்டில் ஜெபம் செய்திருக்கிறார். அப்போதைக்கு இப்போதே என்று அவரும் எல்லாம் சொல்லி வைத்துவிட்டார், அக்கா. இன்றைக்கு அவர் புதிதாக எதுவும் சொல்லவேண்டியது இல்லை.

ஜூரோங் விசுவாசி எழுதியது:

ஐயா எழுதினதை என் மனைவியோடு உட்கார்ந்து வாசித்தேன். ஜெபத்தை நிறுத்தமாட்டோம். ஆனால் சகோதரி, வியாழக்கிழமை எனக்கு ஓய்வு நாள், கார் இருக்கிறது. பலதுறை மருந்தகத்துக்கோ பேச்சுப் பயிற்சிக்கோ போகவேண்டும் என்றால் சொல்லுங்கள், அழைத்துப் போகிறேன். சக்கர நாற்காலி பின்னால் போகும்.

அங் மோ கியோ வாசகி எழுதியது:

எல்லாருக்கும் ஒவ்வொருவராகப் பதில் எழுத நினைத்தேன், நேரம் கிடைக்கவில்லை. மன்னிக்கவும்.

தாதித் தங்கச்சி சொன்னபடி செய்து பார்த்தேன். பாட்டு எடுக்கவில்லை, எனக்கு அழுகை வந்துவிடும் என்று தெரியும். மத்தியானம் அவருக்கு முடி சீவிக்கொண்டே 23-ஆம் சங்கீதத்தை ஆரம்பித்தேன். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்று சொல்லி நிறுத்தினேன். சீப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் “நான் தாழ்ச்சியடையேன்” என்று வந்தது. குழறித்தான் வந்தது, கடைசிப் பாதி கேட்கவே இல்லை. ஆனால் அதுதான். அவரே திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தார். அடுத்த வரியைச் சொல்லிப் பார்த்தேன், “இல்ல” என்றார். மறுபடி கேட்டதும் கோபப்பட்டுச் சீப்பைத் தட்டிவிட்டார். அன்றைக்கு அவ்வளவுதான். இதை அற்புதம் என்று யாருக்கும் போன் போட்டுச் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னேன், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவரிடம் சொல்லச் சொன்னார். மனச்சோர்வுக்கு மருந்தும் ஆரம்பித்திருக்கிறார்.

தஞ்சோங் பகார் ஐயா, நீங்கள் எழுதினதை அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். கிண்ணம் பிடித்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்த பிறகு போனை வாங்கி, இடது கை விரலால் திரையை மேலே தள்ளி அந்த இடத்தை மறுபடியும் காட்டினார். மறுபடி படித்தேன். நாலு பேர் கதையை எத்தனை தடவை இவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். படுத்திருந்தவன் பேசவே இல்லை என்பது என் கண்ணில் பட்டதில்லை. இவருக்குப் பட்டிருந்ததா என்று கேட்க முடியவில்லை.

நாலு முனை என்று சொன்னதை வைத்து யோசித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஒரு மலாய் அம்மா, மாச்சிக் என்று கூப்பிடுவோம், இருக்கிறார். இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து சாயங்காலம் கதவைத் தட்டி ஏதாவது ஒரு கிண்ணம் கொடுப்பார். நான் வாசலிலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுவேன், வீடு கிடக்கிற கோலத்தில் உள்ளே கூப்பிட வெட்கம். செவ்வாய்க்கிழமை உள்ளே கூப்பிட்டேன். வந்தவர் இவர் பக்கத்தில் உட்கார்ந்து மலாயில் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இவர் எல்லாவற்றுக்கும் “இல்ல, இல்ல” என்கிறார். மாச்சிக்குக்குத் தமிழ் தெரியாது, அதனால் இல்ல என்றால் என்ன என்றும் தெரியாது. தலையாட்டுவதைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகக் குளித்தேன்.

சபையில் என் வயசுக்காரி ஒருத்தியிடம் வாயைத் திறந்து கேட்டேன். புதன்கிழமை காலையில் வருகிறேன் என்றிருக்கிறாள். ஏஐசிக்கும் போன் போட்டாயிற்று, ஆள் வந்து பார்ப்பார்கள். ஜூரோங் தம்பி, அடுத்த வியாழன் பத்து மணிக்கு அவருக்கு அப்பாயிண்ட்மெண்ட். சங்கடப்படாமல் கேட்கிறேன், வரமுடியுமா?

சிராங்கூன் ரோட்டுத் தம்பி, அந்தப் பாசுரத்தை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வேதத்தில் இல்லாததுதான். ஆனாலும் இவருக்குப் படித்துக் காட்டினேன், வேண்டாம் என்று முகத்தைத் திருப்பவில்லை.

சபைக்கு இன்னும் வரமாட்டேன் என்றுதான் இருக்கிறார். கட்டாயப்படுத்தவில்லை. போதகரிடம் அஃபேசியாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு அவரே எடுத்துச் சொல்வதாகச் சொன்னார்.

எனக்குச் சமாதானம் வந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. காலையில் அதே களைப்புதான். ஆனால் ராத்திரி “ஆண்டவரே” என்று சொல்லி நிறுத்திவிட்டுப் படுத்துவிடுகிறேன், மீதி அவர் வேலை என்று.

ஐயா, சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள். நாலரைக்கு மேல் வந்தால் நல்லது, அவர் மத்தியானம் தூங்குவார். புளோக் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். லிஃப்ட் எங்கள் மாடியிலேயே நிற்கும்.

தஞ்சோங் பகார் பழைய ஆள் எழுதியது:

நாலரைக்கு வருகிறோம், அம்மா. பலகாரம் எதுவும் செய்யவேண்டாம். என் மனைவி இடியாப்பமும் சொதியும் எடுத்துவருவாள், நீங்கள் அன்றைக்குச் சமைக்கக் கூடாது என்று சொல்லச் சொன்னாள். அவருக்குக் கோப்பி என்றால் எனக்கும் கோப்பி. இரண்டுக்கும் ஸ்ட்ரா போடுங்கள்.